நிலம் நகருதுன்னா எதை வச்சு அளக்குறது?

கேள்வி: அண்ணே, மியான்மர்ல மாண்டலே பூகம்பத்துக்கப்புறம் எல்லாரும் அந்த நாட்டுல வடக்கு தெற்கா ஓடுற சகாயிங் நிலப்பிளவு வருஷத்துக்கு 2 சென்டிமீட்டர் நகருதுங்கறாங்க. இதை யாரு, எப்படிக் கணக்குப் போடுறாங்க?
- ஒரு வாசகர், ரங்கூன்

பதில்: தம்பி, பூமியோட மேலோடு பெரிய பெரிய துண்டுகளா இருக்கு, அதுக்குப் பேரு தட்டு. ஒரு தட்டோட நகர்வைத் தனியா அளக்குறதில்ல, ஒரு தட்டைப் பிடிச்சு வச்ச மாதிரி நினைச்சுக்கிட்டு பக்கத்துத் தட்டு எவ்ளோ போகுதுன்னுதான் பாக்குறாங்க. ஒரு பம்ளிமாஸை எடுத்து தோலை ஒரு துண்டு மட்டும் கீறி, தள்ளி ஒரு இடத்துல ஊசி குத்தி, அதைச் சுத்தி அந்தத் துண்டைத் திருப்பிப் பாருங்க, ஊசிகிட்ட கொஞ்சமாவும் தூரத்துல நிறையாவும் நகரும். அந்த ஊசிக்குப் பேரு ஆய்லர் துருவம். தட்டு நகர்வுக்கு மாடல் போடுறதுன்னா ஒவ்வொரு ஜோடித் தட்டுக்கும் அந்த ஊசி எங்க, எவ்ளோ வேகம்னு கண்டுபிடிக்கிறதுதான்.

கடலடிப் பாறையில பதிஞ்சிருக்கிற காந்தக் கோடுகள், பூகம்பம் சறுக்கின திசை, ஜிபிஎஸ் எல்லாத்தையும் போட்டு 2010-ல வந்த மார்வெல் (MORVEL) மாடல்ல 25 தட்டு இருக்கு (சினிமா மார்வெல் இல்லப்பா!). தென்கிழக்காசியா உக்காந்திருக்கிற சுண்டா தட்டைப் பிடிச்சு வச்சுப் பார்த்தா இந்தியத் தட்டு வருஷத்துக்குச் சுமார் 35 மில்லிமீட்டர் வடக்கே போகுது, அதுல பாதி, 18 போல, சகாயிங்ல. மிச்சம் மேற்கே மியான்மர் கரையோரம் அரக்கான் பக்கம்.

ஆனா இது நீண்டகால சராசரி, தினமும் நகராது, பூட்டிக்கிட்டு நிக்கும். மாண்டலே பூகம்பம் வந்த 2025 மார்ச் 28 அன்னிக்கு ஒரு சிசிடிவி கேமராவுல தரை சுமார் 1.3 செகண்டுல 2.5 மீட்டர் ஓடினது பதிவாகியிருக்கு. 18 மில்லிமீட்டரால வகுத்துப் பாருங்க, கிட்டத்தட்ட 139 வருஷ பாக்கி.