ஐரோப்பாவின் அழகான நகரத்தில் வசிப்பவர்கள் தினசரி வாழ்க்கையை உண்மையிலேயே ரசிக்கிறீர்களா, இல்லை எல்லாம் போட்டோவுக்குத்தானா?

ரசிக்கிறேன். ஆனால் ஊரில் இருப்பவர்கள் நினைக்கிற விதத்தில் இல்லை.

நான் இருப்பது ஆஸ்திரியாவின் தலைநகர் வியன்னாவில். கணவர் வேலைக்காக வந்தோம், இப்போது நானும் ஒரு சின்ன அலுவலகத்தில் கணக்கு பார்க்கிறேன். கேள்வி கேட்டவர் அநேகமாகக் கையில் ஆஃபர் லெட்டரை வைத்துக்கொண்டு போகலாமா வேண்டாமா என்று தவிக்கிறீர்கள், அல்லது வீட்டுக்காரர் முன்னால் போய்விட்டார், நீங்கள் வேலையை விட்டுவிட்டுப் பின்னால் கிளம்பப் போகிறீர்கள். இரண்டாவது ரகம் என்றால் இந்தப் பதில் உங்களுக்குத்தான்.

அரண்மனை, தேவாலயம், குதிரை வண்டி இதெல்லாம் மூன்று மாதத்தில் கண்ணுக்குப் பழகிவிடும். ஷோன்புருன் அரண்மனைக்கு விருந்தாளி வந்தால்தான் போகிறேன், அதுவும் தோட்டத்தோடு சரி, தோட்டத்துக்கு டிக்கெட் கிடையாது. பழகாமல் இருப்பது வேறு விஷயங்கள். உதாரணமாகக் குழாய்த் தண்ணீர். ராக்ஸ், ஷ்னேபெர்க் மலைப்பக்கத்து ஊற்றுகளிலிருந்து 1873ல் குழாய் போட்டார்கள், பம்ப் வைத்து இழுப்பதில்லை, சரிவிலேயே நகரம் வரை ஓடி வருகிறது. ஆகஸ்ட் மாதத்திலும் பல் கூசுகிற மாதிரி சில்லென்று வரும். ஊரில் கார்ப்பரேஷன் தண்ணீருக்கு அலாரம் வைத்து எழுந்தவள், கேன் தண்ணீர்க்காரருக்கு நாலு தடவை போன் போட்டுக் கெஞ்சினவள் நான். சமையலறைக் குழாயில் டம்ளரைப் பிடித்து அப்படியே குடிப்பதை எனக்கு இன்னும் சாதாரணமாக எடுத்துக்கொள்ள வரவில்லை. இதைப் போய் ஒரு சந்தோஷம் என்று எழுதுகிறாளே என்று சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளலாம்.

வந்த புதிதில் எனக்கு வேலை இல்லை, மொழி தெரியாது, குளிர்காலம் என்பதால் மதியம் நாலு மணிக்கே இருட்டிவிடும். வீட்டிலேயே கிடந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்று டிராமில் ஏறிச் சும்மா சுற்றுவேன். வருடச் சீட்டு 2012லிருந்து பல வருடம் 365 யூரோவாகவே இருந்தது, நாளைக்கு ஒரு யூரோ, டிராம், பஸ், மெட்ரோ எல்லாவற்றுக்கும் சேர்த்து. 2026ல்தான் ஏற்றினார்கள். அப்படிச் சுற்றும்போதுதான் ஒரு நாள் அரசு ஓப்பரா என்கிற இசைநாடக அரங்கின் வாசலில் வரிசையைப் பார்த்து நானும் நின்றேன். நின்றுகொண்டே பார்க்கிற டிக்கெட்டுக்கான வரிசை அது. நல்ல இடத்தில் உட்கார்ந்து பார்க்கிறவர்கள் இருநூறு யூரோவுக்கு மேலும் கொடுக்கிறார்கள், நிற்கிற இடத்துக்கு இருபது யூரோ கூட ஆகாது. நிற்க மட்டும் நானூறு இடங்களுக்கு மேல் இருக்கிறது, அன்றைய டிக்கெட்டை அன்றைக்கே கொடுக்கிறார்கள்.

உள்ளே போனால் எல்லோரும் கழுத்துத் துணியை அவிழ்த்துக் கைப்பிடிக் கம்பியில் கட்டிவிட்டு வெளியே போகிறார்கள். எனக்கு யாரும் சொல்லித் தரவே வேண்டியிருக்கவில்லை. பஸ் ஸ்டாண்டில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிக்கிற அதே சங்கதி! நானும் துப்பட்டாவை ஒரு முடிச்சுப் போட்டுவிட்டு வெளியே போனேன். திரும்பி வந்தபோது முடிச்சு அப்படியே இருந்தது, இரண்டு பக்கமும் ஆட்கள் நெருக்கிக்கொண்டு நிற்க, நடுவில் என் இடம் மட்டும் காலியாக இருந்தது. பக்கத்தில் எழுபது வயதுக்கு மேல் இருக்கும் ஒரு அம்மா. வாரத்தில் பாதி நாள் வருகிறவராம். பாடுகிற ஆளை அவருக்குப் பிடிக்கவில்லை போல, ஒவ்வொரு பாட்டு முடியும்போதும் மூக்கால் ஒரு சத்தம். இடைவேளையில் பையிலிருந்து காகிதத்தில் சுற்றிய ரொட்டியை எடுத்து, சீஸ் பக்கம் விழாமல் பார்த்துப் பிய்த்து எனக்குப் பாதி கொடுத்தார். எனக்கு ஜெர்மன் தெரியாது, அவருக்கு ஆங்கிலம் தெரியாது. கையை ஆட்டி ஆட்டி அந்தப் பாடகரைக் கிழித்துத் தொங்கவிட்டார் என்பது மட்டும் புரிந்தது. இந்த ஊர்க்காரர்கள் சிடுமூஞ்சிகள் என்று பெயர் எடுத்தவர்கள், அது பொய்யில்லை. ஆனால் அவர்களோடு சேர்ந்து இன்னொருத்தரைக் குறை சொல்ல ஆரம்பித்தால் நம்மைச் சேர்த்துக்கொள்வார்கள்.

இதை வீட்டில் சொன்னேன். மாமியார் கேட்டது, "தனியாவா போனே?" நாத்தனார் கேட்டது, "நின்னுக்கிட்டா பார்த்தே, உட்காரக் காசில்லையா?"

அப்புறம் கோடை. இங்கே டான்யூப் ஆற்றில் இருக்கிற டான்யூப் தீவு 21 கிலோமீட்டர் நீளம். வெள்ளத்துக்கு வடிகாலாகப் புது வாய்க்கால் வெட்டி, அந்த மண்ணைக் கொட்டி உண்டாக்கிய தீவு, 1972ல் ஆரம்பித்து 1988ல் முடித்தார்கள். கரையில் பல இடங்களில் இறங்கிக் குளிக்கலாம், கட்டணம் இல்லை. நான் லெக்கிங்ஸும் டீ ஷர்ட்டுமாகக் காலை நனைத்துக்கொண்டு புளிச்சாதம் சாப்பிடுவேன், யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. கொஞ்சம் தள்ளித் துணியே இல்லாமல் குளிக்கிற பகுதி ஒன்று உண்டு, அவர்களையும் யாரும் பார்ப்பதில்லை. அலுவலகம் முடிந்து மெட்ரோவில் நேராக அங்கே போய் இறங்கி ஒன்பது மணி வெளிச்சத்தில் திரும்பி வருவது, ஊரில் நான் வேலை பார்த்த காலத்தில் கனவில் கூட இல்லாத விஷயம்.

நல்ல விசா, இரண்டு சம்பளம், அதனால் பேசுகிறாள் என்பீர்கள். உண்மைதான். சைக்கிளில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிற நம் பையன்களைக் கேட்டால் வேறு பதில் வரும், அதையும் கேளுங்கள். ஞாயிற்றுக்கிழமை பால் தீர்ந்துவிட்டால் பெரிய ரயில் நிலையத்துக்குத்தான் ஓட வேண்டும், மற்ற கடையெல்லாம் பூட்டு. அம்மாவுக்கு உடம்புக்கு வந்தால் இங்கிருந்து செய்ய முடிவது போன் மட்டும். நான் எதையும் மறைக்கவில்லை. ரசிக்கிறீர்களா என்று கேட்டீர்கள், அதற்குச் சொல்கிறேன்.

உண்மையைச் சொன்னால் இங்கே என் தூக்கத்தைக் கெடுத்தது வியன்னா இல்லை, எங்கள் ஊர் பேங்க். கேஒய்சி, அதாவது அடையாள, முகவரி விவரங்களைப் புதுப்பிக்கவில்லை என்று கணக்கை முடக்கிவிட்டார்கள். பாஸ்போர்ட் நகல் அனுப்பினேன், தூதரகத்தில் கையெழுத்து வாங்கி அனுப்பச் சொன்னார்கள், அதையும் அனுப்பினேன், கடைசியில் பேங்க்காரர் "மேடம், நேர்ல ஒரு தடவை வந்துட்டுப் போயிடுங்களேன்" என்கிறார், ஏதோ நான் அடுத்த தெருவில் இருக்கிற மாதிரி. என் சொந்தப் பணம்! இத்தனைக்கும் அதே கிளையிலிருந்து பிறந்தநாள் வாழ்த்து மட்டும் வருடம் தவறாமல் வருகிறது. கிளம்புவதற்கு முன் கணக்கை என்ஆர்ஓவாக, அதாவது வெளிநாட்டில் வசிக்கிறவர்களுக்கான கணக்காக மாற்றுவது பற்றிப் பேங்கில் பேசி, கேஒய்சியையும் கையோடு முடித்துவிடுங்கள். மூட்டை கட்டுகிறதற்கும் முன்னால் செய்ய வேண்டிய வேலை இது.

கிளம்புகிற தேதி உங்கள் கையில் இருந்தால் நவம்பர், டிசம்பர் வேண்டாம். ஏப்ரலில் கிளம்புங்கள். அதற்குள் கொஞ்சம் ஜெர்மனும் படித்துக்கொள்ளலாம்.