கப்பலில் ஓடிய நெட்டுக்கு ரூ.87,400 பில்: கட்டித்தான் ஆக வேண்டுமா?

கேள்வி: நாங்கள் கல்லிடைக்குறிச்சி. வீட்டிலேயே அப்பளம் போட்டு வெளியூருக்கு அனுப்புகிறேன். உதவிக்கு இரண்டு பெண்கள் வருகிறார்கள். ஆர்டர் எல்லாம் என் போனில், வாட்ஸ்அப்பில்தான் வரும். மே மாத லீவில் நான், கணவர், இரண்டு பிள்ளைகள் நான்கு பேரும் சிங்கப்பூரில் இருந்து நான்கு இரவு சொகுசுக் கப்பலில் போய் வந்தோம். பாளையங்கோட்டையில் ஒரு டிராவல்ஸில் ரூ.3,20,000 கட்டினோம். "கப்பலில் நெட் கிடைக்குமா, ஆர்டர் பார்க்கணும்" என்று கேட்டேன். "அக்கா, கப்பல்ல வைஃபை ஃப்ரீ, கவலையே படாதீங்க" என்று வாட்ஸ்அப்பில் பதில் போட்டார். ஏறிப் பார்த்தால், கப்பலின் சொந்த ஆப் மட்டும்தான் இலவசம். நெட்டுக்கு ஒரு போனுக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு டாலர் என்று தனிக் கட்டணம். கணவர் போனுக்கு மட்டும் வாங்கினோம். என் சிம் போஸ்ட்பெய்ட். கிளம்பும் முன் 10 நாள் வெளிநாட்டு ரோமிங் பேக் போட்டிருந்தேன், அது போதும் என்று விட்டுவிட்டேன். ஊருக்கு வந்தபிறகு ரூ.87,400-க்கு பில் வருகிறது. கஸ்டமர் கேரில் "பேக் கப்பலுக்குச் செல்லாது" என்கிறார்கள். நான் தூங்கிக்கொண்டிருந்த நேரத்தில் நெட் ஓடியதாக பில்லில் இருக்கிறது. டிராவல்ஸ்காரர் "கப்பல் கம்பெனியைக் கேளுங்க" என்கிறார். வசூல் ஆட்கள் தினமும் போன் போட்டு, கோர்ட்டுக்கு இழுப்போம், சிபில் போய்விடும் என்கிறார்கள். நான் கட்டித்தான் ஆக வேண்டுமா? வழக்குப் போட சிங்கப்பூர் போகணுமா? டிசம்பரில் என் தங்கை குடும்பம் இதே கப்பலுக்கு டிக்கெட் போட்டிருக்கிறது. அவளுக்கு என்ன சொல்ல?

பதில்: சிங்கப்பூர் போக வேண்டாம், சகோதரி. கல்லிடைக்குறிச்சியில் ரயில் ஏறித் திருநெல்வேலி வந்தால் போதும். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பிரிவு 34-இன்படி, புகார் செய்பவர் குடியிருக்கும் ஊர் எந்த மாவட்டமோ அந்த மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். பழைய 1986 சட்டத்தில் இந்த வசதி இல்லை. எதிராளியின் அலுவலகமோ கிளையோ இருக்கும் இடத்தையோ, பிரச்சினை நடந்த இடத்தையோ தேடி அலைய வேண்டியிருந்தது.

இனி உங்கள் வழக்கு. இரண்டு தனித்தனி விஷயங்கள் உங்கள் கடிதத்தில் ஒன்றாகப் பின்னிக் கிடக்கின்றன. கப்பலின் வைஃபை ஒன்று. கப்பலின் செல்போன் டவர் இன்னொன்று. உங்களுக்கு பில் வந்தது இரண்டாவதற்கு. வைஃபை என்பது கப்பல் கம்பெனி விற்கும் சரக்கு. வாங்கினால் காசு, வாங்காவிட்டால் இல்லை. ஆனால் இப்போதைய பெரிய பயணிகள் கப்பல்கள் பலவற்றில் சின்னச் சின்ன செல்போன் டவர்களும் உள்ளேயே பொருத்தப்பட்டிருக்கின்றன. கரையை விட்டு விலகி ஊர் டவர்களின் சிக்னல் போனதும் இந்த டவர் உயிர் பெறும். உங்கள் போனில் டேட்டா ரோமிங் திறந்திருந்தால், யாரையும் கேட்காமல் அதில் போய் ஒட்டிக்கொள்ளும். அங்கிருந்து செயற்கைக்கோள் வழியாக நெட் போகும். இது சிங்கப்பூரும் இல்லை, மலேசியாவும் இல்லை. கடலுக்கென்றே தனி நெட்வொர்க், தனி எண், தனிக் கட்டணம். நாடுகளுக்கான ரோமிங் பேக் பொதுவாக இதில் செல்லாது. கப்பலுக்கும் விமானத்துக்கும் தனி பேக் வைத்திருக்கிறார்கள்.

ஆகவே கஸ்டமர் கேரில் சொன்னது பொய் இல்லை. கேள்வி அது அல்ல. பேக் வாங்கும்போது இதை உங்களுக்குப் புரியும்படி சொன்னார்களா, கப்பல் டவரில் போன் ஒட்டியபோது எச்சரித்தார்களா, தொகை ஏறிக்கொண்டே போனபோது நிறுத்தினார்களா? வழக்கு நிற்பதும் விழுவதும் இந்த மூன்றில்தான். தெரிய வேண்டிய தகவலை வேண்டுமென்றே மறைப்பதும் சேவைக் குறைபாடுதான் என்று சட்டத்தின் பிரிவு 2(11) சொல்கிறது. போஸ்ட்பெய்ட் வாடிக்கையாளருக்குக் கடன் வரம்பைத் தெரிவிக்க வேண்டும், அதில் 80 சதவீதத்தைத் தொடும்போது எச்சரிக்க வேண்டும் என்பது தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் வழிகாட்டுதல். உங்கள் வரம்பு எவ்வளவு என்று பழைய பில்லில் பாருங்கள். மாதம் சில நூறு ரூபாய் கட்டும் வீட்டு இணைப்பில் ரூ.87,400 வரை ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் ஓடவிட்டிருந்தால், அதற்கு அவர்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

ஆனால் ஒன்று. உங்கள் போனில் அந்த நான்கு நாள் குறுஞ்செய்திகளை எடுத்துப் பாருங்கள். "நீங்கள் கப்பல் நெட்வொர்க்கில் இருக்கிறீர்கள், கட்டணம் இவ்வளவு" என்று ஒரு செய்தி வந்திருந்தால் உங்கள் வழக்கு பலவீனமாகும். முழுக்கச் சாகாது, ஆனால் தள்ளுபடி கேட்கும் நிலைக்கு இறங்கும். வந்திருக்கிறதா இல்லையா என்பதை என்னிடம் மறைக்க வேண்டாம். வந்திருந்தால் அழிக்கவும் வேண்டாம். அவர்கள் பக்கத்தில் அதற்குப் பதிவு இருக்கும். ஆணையத்தில் அது வெளியே வந்தால் உங்கள் மற்ற பேச்சும் எடுபடாது.

நீங்கள் அனுப்பிய பில்லின் மூன்றாம் பக்கத்தை வரி வரியாகப் பார்த்தேன். மொத்தம் ஒன்பது பதிவுகள். இரண்டு எனக்கு உறுத்துகின்றன. கப்பல் பினாங்கில் நின்ற நாளில் 14.40 மணிக்கு ஒரு கடல் நெட்வொர்க் பதிவு. நீங்கள் அனுப்பிய பயண அட்டவணைப்படி அன்று பகல் 1 மணி முதல் இரவு 9 மணி வரை கப்பல் துறைமுகத்தில் நிற்கிறது. கரையோரம் வந்ததும் கப்பல் டவரை அணைத்துவிடுவதுதான் வழக்கம். அப்படியானால் இந்தப் பதிவு எப்படி வந்தது? அது இந்திய நேரம் என்று வைத்துக்கொண்டாலும் அங்கே மாலை 5.10; அப்போதும் துறைமுகம்தான். உலகப் பொது நேரம் (கிரீன்விச் நேரம்) என்றால் மட்டும் அங்கே இரவு 10.40, கப்பல் கடலுக்கு வந்திருக்கும்.

இங்கேதான் கவனமாக இருக்க வேண்டும். மூன்றாம் நாள் இரவு 23.52 முதல் மறுநாள் 3.18 வரை ஓடியதாக உள்ள பெரிய பதிவைக் காட்டி, "நான் தூங்கிக்கொண்டிருந்தேன்" என்கிறீர்கள். அங்கத்திய நேரமோ இந்திய நேரமோ என்றால் அது சரி. ஆனால் பில்லில் போட்டிருப்பது உலகப் பொது நேரம் என்று தெரிந்தால், கப்பலில் அது காலை 7.52 முதல் 11.18 வரை. காலைச் சாப்பாட்டு நேரம். கையில் போன் இருந்திருக்கலாம், பிள்ளைகள் எடுத்திருக்கலாம். அப்போது "தூங்கினேன்" என்று பிரமாணப் பத்திரத்தில் எழுதிக் கொடுத்தவர் குறுக்கு விசாரணையில் திணற வேண்டியதுதான். எனவே போன் கம்பெனிக்கு நீங்கள் அனுப்பும் நோட்டீஸின் முதல் கேள்வியே இதுவாக இருக்கட்டும்: பில்லில் உள்ள நேரம் எந்த ஊர் நேரம்? ஒவ்வொரு பதிவுக்கும் நெட்வொர்க்கின் பெயர் என்ன, எத்தனை எம்பி, எம்பிக்கு என்ன விலை? ரோமிங் பதிவுகளில் உள்ளூர் நேரமும் பொது நேரத்துக்கான வித்தியாசமும் சேர்ந்தே பதிவாகும். அவர்களால் கொடுக்க முடியும்.

அடுத்து, நடைமுறை. முதலில் போன் கம்பெனியின் புகார் மையத்தில் எழுத்தில் புகார் செய்து, புகார் எண்ணை வாங்குங்கள். போனில் பேசியது புகார் ஆகாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். திருப்தி இல்லையென்றால் 30 நாளுக்குள் அதே கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரிக்குப் போகலாம், கட்டணம் கிடையாது. டிராய்க்கு நேரடியாக எழுதிக் காத்திருக்காதீர்கள். தனிநபர் புகாரை அவர்கள் விசாரிப்பதில்லை. அப்புறம், போன் பில் தகராறு நுகர்வோர் ஆணையத்துக்கே போகாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 2009-இல் உச்ச நீதிமன்றம் அப்படிச் சொன்னது உண்மை. பலர் அதையே பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் 2022 பிப்ரவரி 16-இல், வோடபோன் ஐடியா நிறுவனம் தொடர்பான வழக்கில், 2009 தீர்ப்புக்கு அடிப்படையாக இருந்த தந்திச் சட்டம் நுகர்வோர் ஆணையத்தின் கதவை அடைக்கவில்லை என்று உச்ச நீதிமன்றமே தெளிவாக்கிவிட்டது.

பில்லில் தகராறு இல்லாத பகுதியை, அதாவது மாத வாடகையும் ரோமிங் பேக் தொகையும், உடனே கட்டிவிடுங்கள். கூடவே ஒரு மின்னஞ்சல்: "கடல் நெட்வொர்க் கட்டணத்தை நான் ஒப்புக்கொள்ளவில்லை, மற்றதை மட்டும் கட்டுகிறேன்." மொத்தமாகக் கட்டாமல் விடுவதுதான் நம் ஊரில் பலரும் செய்யும் தப்பு. கட்ட வேண்டியதையும் கட்டாதவர் என்ற பெயர் வந்துவிட்டால், நியாயமான பகுதிக்கும் இரக்கம் கிடைக்காது.

வசூல் ஆட்களுக்குப் பயப்பட வேண்டாம். இது பணத் தகராறு. இதற்காக உங்களை யாரும் பிடித்துக்கொண்டு போக முடியாது. "எழுத்தில் அனுப்புங்கள், தகராறு நிலுவையில் இருக்கிறது" என்ற ஒரே பதிலோடு போனை வையுங்கள். எண்ணையும் நேரத்தையும் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். ஆணையத்தில் வழக்குப் பதிவானதும், முடியும்வரை வசூலையும் இணைப்புத் துண்டிப்பையும் நிறுத்தி வைக்கப் பிரிவு 38(8)-இன் கீழ் இடைக்கால உத்தரவு கேட்கலாம்.

டிராவல்ஸ்காரர் விஷயத்தில் நான் சொல்வது உங்களுக்குப் பிடிக்காமல் போகலாம். "வைஃபை ஃப்ரீ" என்று அவர் எழுதியது தவறான வாக்குறுதி, சந்தேகமே இல்லை. கணவருக்காக வாங்கிய நெட் கட்டணத்தையும், ஏமாற்றத்துக்கு ஒரு நியாயமான இழப்பீட்டையும் அவரிடம் கேட்கலாம். ஆனால் ரூ.87,400-ஐ அவர் தலையில் கட்ட முடியாது. கப்பலில் ஏறியதுமே இலவசம் இல்லை என்று உங்களுக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தபிறகு, பேக் போதும் என்று நீங்கள் எடுத்த முடிவில் வந்தது அந்த பில். அவர் சொன்ன சொல்லுக்கும் அந்த பில்லுக்கும் நடுவே சங்கிலி அறுந்துவிடுகிறது. இரண்டு எதிராளிகளையும் ஒரே புகாரில் சேர்த்து ஒரே தொகையைக் கேட்டால் ஒருவரை ஒருவர் காட்டித் தப்பிப்பார்கள். தனித்தனிப் புகாராகப் போடுங்கள். டிராவல்ஸ்காரர் நோட்டீஸ் கண்டதும் சமரசத்துக்கு வருவார் என்றே நினைக்கிறேன். உள்ளூரில் பெயரை வைத்துப் பிழைப்பவர். கப்பல் கம்பெனியை விட்டுவிடுங்கள். வெளிநாட்டுக் கப்பல் டிக்கெட் நிபந்தனைகளில் வெளிநாட்டு நீதிமன்றம் என்று எழுதியிருப்பார்கள், அதோடு மல்லுக்கட்ட இந்தத் தொகை போதாது.

உங்கள் கடிதத்தில் ஒரு வரி எனக்குக் கவலை தந்தது: ஆர்டர் எல்லாம் அந்தப் போனில்தான் வரும் என்பது. வணிக நோக்கத்துக்காகச் சேவை பெறுபவர் நுகர்வோர் இல்லை. எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் எடுப்பது இந்த ஆயுதத்தைத்தான். பதில் நம்மிடம் இருக்கிறது. சுயதொழிலில் பிழைப்பு நடத்துவதற்காக மட்டுமே பொருள் வாங்கிப் பயன்படுத்துவது வணிக நோக்கம் ஆகாது என்று பிரிவு 2(7)-இன் விளக்கத்திலேயே உள்ளது; அது பொருளைத்தான் சொல்கிறது என்றாலும், சேவைக்கும் அதே நியாயம்தான் என்று வாதாடலாம். 1995-இல் லட்சுமி என்ஜினியரிங் ஒர்க்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றமும் அதைத்தான் சொன்னது. கூட ஓரிருவரை உதவிக்கு வைத்துக்கொள்வதால் அந்தத் தகுதி போகாது. உங்கள் சிம் தனிநபர் பெயரில், வீட்டுத் திட்டத்தில் இருக்கிறது. பயணம் பிள்ளைகளோடு போன சுற்றுலா. ஆனாலும் புகாரில் "வியாபாரம் நஷ்டமானது, ஆர்டர் போச்சு" என்று ஒரு பத்தி எழுதி, அந்த ஆயுதத்தை நீங்களே அவர்கள் கையில் கொடுத்துவிடாதீர்கள். அப்பளம் போடுவதை மறைக்கவும் வேண்டாம். கேட்டால் உள்ளபடி சொல்லுங்கள்.

கட்டிய தொகை ரூ.5 லட்சத்துக்குள் இருப்பதால் ஆணையத்தில் கட்டணம் இல்லை. வக்கீல் கட்டாயமும் இல்லை, நீங்களே வாதாடலாம். பில் வந்த நாளில் இருந்து 2 ஆண்டு அவகாசம். எதிராளி நோட்டீஸ் கிடைத்து 30 நாளில் பதில் தர வேண்டும். ஆணையம் கூடுதலாக 15 நாள் தரலாம், அதற்கு மேல் இல்லை. வாட்ஸ்அப் உரையாடல் மின்னணு ஆவணம் என்பதால், 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய சாட்சிய சட்டத்தின் பிரிவு 63 கேட்கும், மின்னணுப் பதிவுக்கான சான்றிதழோடு தாக்கல் செய்வதுதான் பாதுகாப்பு. அதனால் அந்தப் போனை மாற்றவோ ரீசெட் செய்யவோ வேண்டாம். ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதும் என்று போனை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிட்டு வந்து நிற்பவர்களைப் பார்த்து மனசு கனத்துப் போயிருக்கிறேன். வேறு சந்தேகம் இருந்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் கேட்கலாம்.

தங்கைக்கு: சிங்கப்பூரில் கப்பல் ஏறும்போதே எல்லாப் போன்களையும் ஃபிளைட் மோடில் போட்டு, அப்புறம் வைஃபையை மட்டும் தனியே ஆன் செய்யச் சொல்லுங்கள். அப்போது கப்பல் டவரில் போன் ஒட்டாது, வைஃபை வேலை செய்யும். பிள்ளைகள் போனையும் மறக்க வேண்டாம். நெட் தேவை என்றால் கப்பல் ஏறும் முன்பே கப்பல் கம்பெனியின் இணையதளத்தில் வாங்கிக்கொள்ளட்டும், ஏறிய பின் வாங்குவதைவிடப் பெரும்பாலும் மலிவாக இருக்கும். பல கப்பல்களில் ஒரு பேக்கேஜை ஒரு நேரத்தில் ஒரு போனில் பயன்படுத்தலாம். ஒரு போனில் வெளியேறி இன்னொன்றில் நுழைந்தால் ஒன்று வாங்கிக் குடும்பமே ஓட்டலாம். டிராவல்ஸில் "வைஃபை உண்டா" என்று கேட்டால் போதாது. "எத்தனை போனுக்கு, எத்தனை நாளுக்கு, தொகை இதில் சேர்ந்ததா" என்று கேட்டு, பதிலை ரசீதிலேயே எழுதி வாங்கச் சொல்லுங்கள்.