சோள வயல் நடுவே வீடு: எதைப் பார்த்து வாங்குவது?

கேள்வி: ஐந்து மாதக் குழந்தையோடு அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஒரு சிற்றூருக்குக் குடிபோகிறோம். பார்த்திருக்கும் வீட்டில் சொந்தக் கிணறு, புரொப்பேன் எரிவாயுத் தொட்டி, நிலவறை எல்லாம் உண்டு. எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: முதலில் தண்ணீர். சோளத்துக்குப் போடும் உரம் நைட்ரேட்டாக நிலத்தடி நீரில் இறங்கும். நைட்ரஜன் கணக்கில் லிட்டருக்கு 10 மில்லிகிராமைத் தாண்டினால் அதில் பால்பவுடர் கலக்காதீர்கள். ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் குழந்தையின் உடல் நீலம் பாரிக்கும். காய்ச்சினால் சரியாகிவிடும் என்பது நம் வீட்டுப் பழக்கம். இங்கே அது வினை. நீர் வற்ற வற்ற நைட்ரேட் அடர்த்தியாகும். லேப் அறிக்கையில் அலகைப் பாருங்கள்: ‘நைட்ரேட்’ என்றே கணக்கிட்டிருந்தால் எல்லை 45. மீறினால், சமையலறைக் குழாய்க்கு ஆர்.ஓ. வடிகட்டி.

நிலவறையில் ரேடானையும் அளந்துவிடுங்கள்; அது மண்ணிலிருந்து கசியும் கதிரியக்க வாயு. லிட்டர் காற்றுக்கு 4 பிக்கோகியூரிக்கு (கதிரியக்க அலகு) மேல் போனால் குழாயும் விசிறியும் வைத்து வெளியேற்ற வேண்டும்.

புரொப்பேன் தொட்டி சொந்தமா வாடகையா என்று கேளுங்கள். வாடகை என்றால் அந்த நிறுவனம்தான் நிரப்பும். 80 சதவீதத்துக்கு மேல் நிரப்ப மாட்டார்கள்; வெயிலில் விரிய இடம் வேண்டுமே. தொட்டியின் அளவு முள் 30 சதவீதத்துக்கு வரும்போதே நிறுவனத்திடம் சொல்லிவிடுங்கள். பனிப்புயலில் லாரி வராது.