கம்பெனிகிட்ட வரி வாங்கி காலேஜ் ஃபீஸ் கட்டலாமா?

அண்ணா வணக்கம்,

கோத்தகிரி பக்கம் இருந்து எழுதுறேன். ஒரு ஏக்கர் தேயிலை, அதான் எங்க வருமானம். தங்கச்சி இப்ப கோயம்புத்தூர்ல இன்ஜினியரிங் சேர்ந்திருக்கா. அமெரிக்கால வாஷிங்டன் மாநிலத்துல மைக்ரோசாஃப்ட், அமேசான் மாதிரி கம்பெனிங்ககிட்ட கூடுதல் வரி வாங்கி பசங்கள படிக்க வைக்கிறாங்களாமே, நம்ம ஊர்ல ஏன் செய்யக்கூடாது? வரி போட்டா கம்பெனி ஓடிப்போயிடும்னு ஃப்ரெண்ட் சொல்றான்.

தம்பி,

செய்யணும். ஓடிப்போயிடும்னு சொல்றத நான் நம்பல. 2019ல அந்தச் சட்டம் வர்றதுக்கு முன்னாடி மைக்ரோசாஃப்ட்டோட தலைவர் பிராட் ஸ்மித்தே எங்ககிட்ட கூடுதலா வரி வாங்குங்கன்னு பேப்பர்ல எழுதுனாரு, ஏன்னா படிச்ச ஆளு அவங்களுக்கும் வேணும்ல.

எனக்கு அதுல ரொம்ப புடிச்ச விஷயம் வேற. அந்த வரிப்பணத்துக்குன்னு தனிக் கணக்கு வச்சு, உயர்கல்விக்கும் மாணவர் உதவிக்கும் மட்டும்தான் எடுக்கணும்னு சட்டத்துலயே எழுதிட்டாங்க. இங்க என்ன ஆச்சுன்னு பாரு, இடைநிலைக் கல்விக்கும் உயர்கல்விக்கும்னு சொல்லி 2007லயே மத்திய அரசுல 1 சதவீதம் செஸ், அதாவது வரி மேல ஒரு கூடுதல் வரி, போட்டாங்க, நாம எல்லாரும் கட்டுனோம், ஆனா அந்தக் காச தனியா வைக்க ஒரு நிதி உண்டாக்கலாம்னு கேபினட் ஒத்துக்கிட்டதே 2017லதான், பத்து வருஷம்! செஸ்ல மாநிலத்துக்குப் பங்கும் கிடையாது. வெளிநாட்டு கம்பெனிங்களுக்குப் போற ஆன்லைன் விளம்பரக் காசுல 2016ல இருந்து 6 சதவீதம் வரி புடிச்சாங்களே, அதையும் 2025 ஏப்ரல்ல எடுத்துட்டாங்க. அத எடுக்காம காலேஜ் பசங்களுக்குன்னு எழுதி வச்சிருக்கலாம், எனக்கு இதுல நிஜமாவே கோவம் உண்டு.

இன்னொன்னு, ஃபீஸ் மட்டும் குறைஞ்சா மலைக்காரங்களுக்குப் பத்தாது. எங்க அண்ணன் பொண்ணுக்கு முதல் பட்டதாரி சலுகைல ட்யூஷன் ஃபீஸ் தள்ளுபடி ஆச்சு, ஆனா ஹாஸ்டல், மெஸ், லீவுக்கு மலையேறி வர்ற பஸ் காசு, எல்லாம் கொழுந்து வித்த காசுலதான், விலை எறங்குன மாசம் அண்ணி தோடு அடகுக்குப் போச்சு. அதனால வரி போட்டா தங்குறதுக்கும் சாப்பாட்டுக்கும் சேத்துக் குடுக்கணும்.

தங்கச்சி எந்த ஸ்கூல்னு நீ எழுதல. 6ல இருந்து 12 வரைக்கும் அரசுப் பள்ளியா இருந்து 7.5 சதவீத ஒதுக்கீட்ல சீட் கிடைச்சிருந்தா ஹாஸ்டல் செலவும் அரசோடதுதான், காலேஜ் ஆஃபீஸ்ல கேக்கச் சொல்லு. புதுமைப் பெண் திட்டத்துல வர்ற மாசம் 1000 ரூபாய்க்கும் அங்கயே பதிஞ்சுக்கட்டும். இந்த வாரமே போகச் சொல்லு.