இங்கிலீஷ் எழுத்து நேர்த்தி, சிங்களமும் தமிழும் பல்லுப் பல்லாக: சேர்வோ மாற்றத்தான் வேண்டுமா?

கேள்வி: கொட்டாஞ்சேனையில் பெயர்ப்பலகை வெட்டிக் கொடுக்கும் சின்னப் பட்டறை வைத்திருக்கிறேன். நாலுக்கு நாலு அடி சிஎன்சி ரவுட்டர் (கணினி சொல்வதுபோல் பலகை வெட்டும் மெசின்), அதை நகர்த்த ஸ்டெப்பர் மோட்டர், ஓட்ட மாக் 3 மென்பொருள், டிசைனுக்கு அஸ்பயர் மென்பொருள். இங்கிலீஷ் எழுத்துகள் நன்றாக வருகின்றன. சிங்களமும் தமிழும் வெட்டும்போது மெசின் திக்கித் திக்கி ஓடுகிறது. வளைவுகளின் ஓரத்தில் பல்லும் கருகலும். போன மாதம் மூலைகள் உருண்டு வருகின்றன என்று சொன்னேன். மெசின் விற்றவரின் ஆள் வந்து எதையோ மாற்றிவிட்டுப் போனார். மூலை சரியானது, ஆனால் இந்தத் தொல்லை அதன் பிறகுதான். இப்போது ஸ்டெப்பருக்குப் பதிலாகச் சேர்வோ என்ற வேறு வகை மோட்டர் போட்டால்தான் தீரும் என்கிறார்கள், ஐந்து லட்சம் ரூபாய். கடன் எடுத்தாவது போடலாமா?

பதில்: போடாதீர்கள். கீழே சொல்வதைச் செய்து பார்க்கும்வரை ஒரு ரூபாய் முற்பணமும் கொடுக்காதீர்கள்.

விடை உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது. இங்கிலீஷின் 'ஈ', 'எச்', 'எல்' எல்லாம் சில நேர்கோடுகள் மட்டும்தான். 'எஸ்', 'ஓ' வெட்டும்போது காதைக் கொடுத்துக் கேளுங்கள், அங்கேயும் திக்கும். சிங்களத்திலும் தமிழிலும் எழுத்தே வளைவுதான் என்பதால் குறை உடனே கண்ணில் படுகிறது. ஒரு 'ண'வை வெட்டினால் மெசினின் குணம் முழுதும் தெரிந்துவிடும்.

நடப்பது இதுதான். உங்கள் பைலில் வளைவு வளைவாக இல்லை. நூற்றுக்கணக்கான குட்டி நேர்கோடுகளாக உடைந்து கிடக்கிறது. அதுவே பெரிய குற்றமில்லை. ஆனால் மூலையைச் சரிசெய்ய வந்தவர் மெசினை 'எக்ஸாக்ட் ஸ்டொப்' முறைக்கு மாற்றியிருக்கிறார் என்று நினைக்கிறேன். அந்த முறையில் ஒவ்வொரு கோட்டின் முடிவிலும் மெசின் முழுதாக நின்று, பிறகு கிளம்பும். காலி வீதியில் ஹோல்ட்டுக்கு ஹோல்ட் நிற்கும் 100ஆம் இலக்க பஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். அதற்குப் புது எஞ்சின் போட்டால் பாணந்துறைக்கு எவ்வளவு முந்திப் போகும்?

ஒரேயொரு கணக்குச் சொல்கிறேன், பயப்பட வேண்டாம். நிமிடத்துக்கு 3,000 மி.மீ. வேகம் கேட்டிருக்கிறீர்கள் என்று வைப்போம். கோடு ஒவ்வொன்றும் அரை மி.மீ., மெசினின் ஆர்முடுகல், அதாவது வேகம் ஏறும் வீதம், 100 மி.மீ./செக்கன்². நின்ற இடத்திலிருந்து கிளம்பி அரை மி.மீ.க்குள் மறுபடி நிற்க வேண்டுமானால், நடுவில் தொடும் உச்ச வேகமே நிமிடத்துக்கு 424 மி.மீ. தான். சேர்வோ போட்டு ஆர்முடுகலை நாலு மடங்காக்கினாலும் 848. நீங்கள் கேட்ட 3,000 வரவே வராது.

கருகலும் இதே கதை. நிமிடத்துக்கு 18,000 சுற்றில் ஓடும், இரண்டு வெட்டலகு உள்ள பிட் (வெட்டும் ஆணி), 3,000 வேகத்தில் ஒவ்வொரு வெட்டுக்கும் 0.08 மி.மீ. சீவுகிறது. 424இல் அது 0.012 ஆகிவிடும். அது வெட்டல்ல, உரசல். உரசினால் சூடு, சூட்டில் கருகல். மெசினுக்குக் கீழே விழுவதைக் கையில் எடுத்துப் பாருங்கள்: நேர்கோட்டில் விழுவது கரகரவென்று இருக்கும், வளைவில் விழுவது கோதுமை மா மாதிரி இருக்கும்.

சரி, இனி வேலை. முதலில் பைல். அஸ்பயரில் சேமிக்கும்போது போஸ்ட் ப்ரொசெசர் (டிசைனை மெசின் மொழிக்கு மாற்றுவது) பட்டியலில் மாக்2/3 என்று சாதாரணமாக ஒன்று இருக்கும், 'ஆர்க்ஸ்' என்ற சொல்லோடு இன்னொன்று இருக்கும். உங்களுக்கு வேண்டியது இரண்டாவது. அதில் வளைவு ஜி2, ஜி3 என்ற ஜி-கோட் (மெசினுக்கான கட்டளை) வரிகளாக, வில்லாகவே போகும். 20 மி.மீ. ஆரையுள்ள வட்டத்துக்கு 250 வரி போன இடத்தில் ஒன்றிரண்டு வரியோடு முடியும்.

ஆனால் மூலத்திலேயே வில் இல்லாவிட்டால் இது உதவாது. பிரிண்டிங் கடைப் பையன் வட்ஸ்அப்பில் வந்த ஜேபெக்கை ட்ரேஸ் பண்ணி அனுப்பியிருப்பான். ஒரு 'ஞ'வில் முந்நூறு புள்ளி இருக்கும். அதை அப்படியே வெட்டாதீர்கள். அஸ்பயரில் கோட்டைத் தெரிவுசெய்து, வளைவு பொருத்தும் கருவியில் வட்ட வில் என்பதையும் பிழை எல்லையாக 0.02 மி.மீ. என்பதையும் கொடுங்கள். இன்னும் நுணுக்கம் வேண்டாம். 20 மி.மீ. ஆரையில் அரை மி.மீ. கோடு போட்டால் பிழை 0.0016 மி.மீ. மழை நாளில் எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செய்த பலகை) அதைவிட ஊதும். 0.2 வரை தாராளமாகப் போனாலும் கெடும்: கோடு ஐந்தரை மி.மீ. நீண்டு, வளைவு பட்டை தீட்டியதுபோல் தெரியும்.

அடுத்தது மெசின். மாக் 3இல் ஜெனரல் கொன்ஃபிக் திறந்து, மோஷன் மோட் என்ற இடத்தில் 'கொன்ஸ்டன்ட் வெலோசிட்டி' (கோட்டுக்குக் கோடு நிற்காமல் ஓடும் முறை) தெரிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். லுக் அஹெட், அதாவது மெசின் முன்கூட்டியே படிக்கும் வரிகளின் எண்ணிக்கை, 20 என்றிருந்தால் 200 ஆக்குங்கள். பிறகு வெட்டும் பைலை நோட்பேடில் திறந்து ஜி61 (எக்ஸாக்ட் ஸ்டொப்புக்கான கட்டளை) என்று தேடுங்கள். இருந்தால் ஜி64 (கொன்ஸ்டன்ட் வெலோசிட்டிக்கான கட்டளை) என்று மாற்றுங்கள். பைலில் ஜி61 இருந்தால் செட்டிங்கில் என்ன போட்டாலும் மெசின் பைலைத்தான் கேட்கும்.

இதில்தான் எனக்குக் கோபம் வருகிறது. 2022இல் டொலர் ஏறிக்கொண்டிருந்த நாட்களில் பஞ்சிகாவத்தைப் பக்கம் ஒரு பட்டறைக்குப் போனேன். கொன்ட்ரோலர் கார்டு மாற்றி, ட்ரைவர் மாற்றி, மூன்றாவது தரம் மோட்டருக்கு விலை கேட்டுக்கொண்டிருந்தார் முதலாளி. நான் மாற்றியது ஒரே ஒரு பொத்தான். கார்டு விற்றவருக்கு அது தெரியாமல் இல்லை. பொத்தானில் கமிஷன் இல்லை, அவ்வளவுதான். மெசினோடு செட்டிங் தாள் ஒன்று கொடுங்கள் என்று கேட்டால் ஏதோ ஆதன உறுதி கேட்டதுபோலப் பார்க்கிறார்கள். பயிற்சி நிலையங்களிலோ ஜி-கோட்டைக் கரும்பலகையில் எழுதி மனப்பாடம் செய்யவைத்து சான்றிதழ் கொடுத்துவிடுகிறார்கள். ஜி61 என்றால் என்ன என்று பையன்கள் ஒப்பிப்பார்கள், அதன் சத்தம் எப்படியிருக்கும் என்று ஒருவனுக்கும் தெரியாது.

இன்னொன்று. உங்கள் மாக் 3க்கு உங்கள் பெயரில் லைசன்ஸ் இருக்கிறதா? இலவச டெமோ 500 வரிக்கு மேல் ஓடாது. அதைத் தாண்டுவதற்குச் சிலர் உடைத்த பிரதியைப் போட்டுவிட்டு, அதற்கும் காசு வாங்குகிறார்கள். அப்படிப்பட்ட பிரதியில் நடுவெட்டில் ஏதாவது கோளாறு வந்தால் யாரைக் கேட்பீர்கள்?

இப்போது மூலை. கொன்ஸ்டன்ட் வெலோசிட்டிக்குத் திரும்பினால் போன மாதத்துத் தொல்லை திரும்ப வரும், 'ட'வின் மூலை உருளும். ஏனென்றால் அந்த முறையில் ஒரு கோடு முடியுமுன்பே மெசின் அடுத்த கோட்டுக்குத் திரும்பத் தொடங்குகிறது. வளைவுக்கு அது வரம், மூலைக்கு அது சாபம். ஆகவே நிற்பதே எப்போதும் தவறு என்று நான் சொல்லவில்லை. நிற்க வேண்டிய இடத்தில் மட்டும் நிற்க வேண்டும். அதே ஜெனரல் கொன்ஃபிக்கில் 'ஸ்டொப் சிவி ஒன் ஆங்கிள்ஸ்' (சிவி என்பது கொன்ஸ்டன்ட் வெலோசிட்டி) என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதை இயக்கி 60 பாகை கொடுங்கள். 60 பாகைக்கு மேல் திரும்பும் இடத்தில் மட்டும் மெசின் நிற்கும். 'ட'வின் மூலை 90 பாகை, அங்கே நிற்கும். வளைவின் குட்டிக் கோடுகளுக்கு இடையில் திருப்பம் ஒன்றிரண்டு பாகைதான், அங்கே நிற்காது. இன்னும் கூர்மை வேண்டும் என்று ஆசைப்பட்டு 2, 3 பாகை வரை இறக்கினால் பழையபடி ஹோல்ட்டுக்கு ஹோல்ட் நிற்கும் பஸ்தான். மூலை இன்னமும் கொஞ்சம் உருண்டால் அந்த எழுத்துக்கு மட்டும் வேகத்தைப் பாதியாக்குங்கள். வேகம் பாதியானால் உருளல் ஏறத்தாழ கால்வாசிக்கு இறங்கும். பொருத்தி ஒட்டும் வேலை, அதாவது ஒரு எழுத்தை வேறு நிறப் பலகைக்குள் இறக்குவது என்றால், நேர்கோட்டு எழுத்துகளைத் தனிப் பைலாக்கி அதற்கு மட்டும் ஜி61 போடலாம். அங்கே அது சரியான மருந்து. உங்களிடம் வந்த ஆள் மூலைக்கான மருந்தை எல்லா நோய்க்கும் எழுதிவிட்டுப் போயிருக்கிறார்.

பழைய எம்டிஎஃப் துண்டில் சோதித்துப் பாருங்கள்: 40 மி.மீ. வட்டம் ஒன்று, சதுரம் ஒன்று, ஒரு 'ண'. முதலில் ஸ்பிண்டிலை (பிட்டைச் சுழற்றும் மோட்டரை) நிறுத்தி, பிட்டை மேலே தூக்கி, காற்றில் ஓடவிட்டுக் கேளுங்கள். வட்டத்தில் 'டக் டக்' இல்லாமல் ஒரே இரைச்சலாக வர வேண்டும். பிறகு வெட்டி, வட்டத்தின் ஓரத்தை விரலால் தடவுங்கள். கடிகாரத்தில் 12, 3, 6, 9 இருக்கும் நாலு இடத்தில் மட்டும் சிறு படி தட்டுப்பட்டால் அது வேறு நோய், மெசினை நகர்த்தும் ஸ்குரூவுக்கும் நட்டுக்கும் இடையில் ஆட்டம். டயல் கேஜ் வைத்து அளந்து நட்டை மாற்ற வேண்டும். அதற்கும் சேர்வோ தேவையில்லை.