ஐந்தாவது முறை

அன்புள்ள ஐயா,
என் அண்ணன் இந்த வருடம் நான்கு முறை சாமியாரிடம் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்தார், நான்கு முறையும் மறுபடி குடித்தார். இது நாடகம்தானே? விசுவாசம் இருந்தால் விட்டிருக்க மாட்டாரா? ஒன்பது நாள் சொல்லும் நவநாள் செபங்களில் எது பலன் தரும்?
– ஒரு வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

நவநாள் எதுவானாலும் சொல்லுங்கள். ஆனால் முதலில் அண்ணனை டாக்டரிடம் அழைத்துப்போங்கள், பல வருடம் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பே வரலாம். அமெரிக்காவின் அக்ரனில் சிஸ்டர் இக்னேஷியா 1939இல் ஒரு குடிநோயாளியை ‘இரைப்பை அழற்சி’ என்று எழுதி ஆஸ்பத்திரியில் சேர்த்துக்கொண்டார். கன்னியாஸ்திரிக்கே கட்டில்தான் முதலில் தோன்றியது.

சரி, அந்த ‘நாடகம்’. அந்தச் சொல்லை எப்படி அம்மா எழுதினீர்கள்? பாவசங்கீர்த்தனத்துக்குத் தேவை இனிச் செய்யமாட்டேன் என்ற தீர்மானம். விழவே மாட்டேன் என்ற உத்தரவாதம் இல்லை. இரண்டும் வேறு. பழக்கத்தின் பிடி ஒருவரின் பொறுப்பைக் குறைக்கலாம் என்று திருச்சபையின் மறைக்கல்வி நூலே 1735ஆம் எண்ணில் சொல்கிறது. சீனாவில் மார்க் ஜி தியான்சியாங் என்றொரு வைத்தியர், வயிற்று நோய்க்கு அபின் எடுக்கப்போய் அதற்கே அடிமையானார். திரும்பத் திரும்ப அதே பாவத்தோடு வருகிறாரே, இவருக்குப் பாவத்துக்கு வருந்தும் மனஸ்தாபமே இல்லை என்று சாமியார் பாவமன்னிப்பை மறுத்துவிட்டார், உங்களைப் போலவே. சுமார் முப்பது வருடம் பூசையில் வாங்கும் நற்கருணை இல்லை, அபினும் விடவில்லை, கோவிலையும் அவர் விடவில்லை. 1900இல், கிறிஸ்தவர்களையும் வெளிநாட்டவரையும் எதிர்த்து எழுந்த பாக்ஸர் கலவரத்தில் குடும்பத்தோடு கொல்லப்பட்டார், விசுவாசத்தை மறுக்கவில்லை. 2000இல் புனிதர் பட்டம். விட்ட பிறகு பட்டம் கொடுத்தார்கள் என்று நினைக்காதீர்கள், அவர் விட்டதாகவே தெரியவில்லை.

என் அப்பாவும் குடிப்பார். ஞாயிறு பூசையில் கடைசி பெஞ்சு அவருடையது. நற்கருணைக்கு எல்லோரும் எழும்போது காலை ஒடுக்கி வழிவிடுவார், அவர் மட்டும் போகமாட்டார். வாடை வருகிறதென்று பன்னிரண்டு வயதில் நான் முன்வரிசைக்கு மாறிவிட்டேன். அப்புறம் ஒருநாளும் அவர் பக்கத்தில் உட்காரவில்லை. நானும் நாடகம் என்றுதான் நினைத்தேன்.

கையில் காசு கொடுக்காதீர்கள், அது வேறு விஷயம். ஐந்தாவது முறை அவர் போகும்போது கூடப் போய் வெளியே நில்லுங்கள். வந்ததும் எதுவும் கேட்காதீர்கள்.