பட்டியல் கேட்பவர்களுக்கு

அன்புள்ள ஆசிரியருக்கு,

தொழில்நுட்ப ஸ்டார்ட்அப்களில் பணம் போடும் ஒரு முதலீட்டு நிதியத்தில் அண்மையில் சேர்ந்திருக்கிறேன். என் தோழி சொந்தமாக ஒரு ஸ்டார்ட்அப் தொடங்கியிருக்கிறாள். நாங்கள் இருவரும் படிக்க வேண்டிய இருபது நூல்களை வரிசைப்படுத்தித் தருவீர்களா? வேலைப்பளுவில் இதுவரை முப்பது நூல்களின் சுருக்கங்களைத்தான் கேட்க முடிந்தது.

வி.

அன்புள்ள வி.,

களைத்துப்போன பிறகும் படிக்க நினைக்கிறீர்களே, அது பிடித்திருக்கிறது. ஆனால் அந்த முப்பதைப் படிப்புக் கணக்கில் சேர்க்காதீர்கள். சுருக்கம் முதலில் வெட்டி எறிவது ஆதாரத்தை. மிஞ்சுவது வெறும் அறிவுரை. அதை நம்பி அடுத்தவர் பணத்தை எங்கே கொண்டுபோய்ப் போடுவீர்கள்?

இருபதெல்லாம் வேண்டாம். தோழிக்கு இன்டெல் நிறுவனத்தை நடத்திய ஆண்டி குரோவ் 1983இல் எழுதிய 'ஹை அவுட்புட் மேனேஜ்மென்ட்'. உங்களுக்கு செபாஸ்டியன் மல்லாபியின் 'தி பவர் லா', உங்கள் தொழிலின் வரலாறு அது. இருவருக்கும் பிராட் ஃபெல்டும் ஜேசன் மெண்டல்சனும் எழுதிய 'வென்ச்சர் டீல்ஸ்'. வரிசை உங்கள் இஷ்டம். வென்றவர்களின் சுயசரிதைகளை விடுமுறைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கொஞ்ச நாளாக என் மனதில் ஓடிக்கொண்டிருப்பது வேறு. இந்தத் துறையின் மிகச் சிறந்த வாசிப்பு இலவசமாகக் கிடக்கிறது, தொடுவாரில்லை. அமெரிக்கப் பங்குச்சந்தைக்கு வர விரும்பும் நிறுவனம் பொதுவாக எஸ்-1 என்ற ஆவணத்தைத் தாக்கல் செய்யும். அந்நாட்டுப் பங்குச்சந்தைக் கட்டுப்பாட்டு ஆணையத்தின் எட்கர் தளத்தில் யார் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கலாம். முதல் பக்கங்களில் வண்ணப் படமும் லட்சிய முழக்கமும் இருக்கும், தாண்டிப் போங்கள். கடைசியில் உள்ள கணக்குக் குறிப்புகளிலிருந்து தொடங்குங்கள்: குத்தகைக் கடப்பாடு, நிறுவனருக்கும் நிறுவனத்துக்கும் இடையிலான கொடுக்கல்வாங்கல், வருவாயை எப்போது வருவாயாக எழுதுகிறார்கள் என்பது. பிறகு அபாயங்களைச் சொல்லும் பகுதி. முழக்கம் கடைசியில்.

அலுவலக இடங்களை நீண்ட காலக் குத்தகைக்கு எடுத்துப் பிறருக்கு வாடகைக்கு விடும் வீவொர்க் 2019 ஆகஸ்டில் தாக்கல் செய்ததை இப்படிப் படியுங்கள். எதிர்காலக் குத்தகைக் கடப்பாடு 4,720 கோடி டாலர். வாடிக்கையாளர்கள் தருவதாக ஒப்பந்தமாகியிருந்த தொகை சுமார் 400 கோடி டாலர். எடுத்த இடத்துக்கு அமெரிக்காவில் சராசரியாக 15 ஆண்டுக் கடப்பாடு, கொடுத்த இடத்துக்கோ குறுகிய கால ஒப்பந்தம். மொத்தக் கதையும் இந்த இடைவெளியில்தான் இருக்கிறது. செப்டம்பர் முடிவதற்குள் ஆவணத்தைத் திரும்பப் பெற்றார்கள். பக்கத்திலேயே, அப்போது இணையப் புத்தகக் கடையாக இருந்த அமேசானின் 1997 எஸ்-1ஐ வையுங்கள். அங்கும் நஷ்டம்தான். ஆனால் வாங்குபவரின் பணம் உடனே வந்துவிடும், புத்தகம் தந்தவருக்குப் பிறகு கொடுத்தால் போதும். நஷ்டத்திலும் இத்தனை ரகம் உண்டு.

அடுத்து டேர்ம் ஷீட், அதாவது முதலீட்டின் நிபந்தனைகளைச் சுருக்கமாகச் சொல்லும் தாள். உங்களைப் போன்றவர்கள் மதிப்பீட்டை மட்டும் பார்த்துவிட்டுத் துள்ளுகிறீர்கள். பென்சிலை எடுங்கள். முதலீட்டுக்கு முந்தைய மதிப்பு 1.5 கோடி டாலர், நீங்கள் போடுவது 50 லட்சம், உங்கள் பங்கு 25 சதவீதம். நிறுவனம் 1 கோடிக்கு விலைபோகிறது. லிக்விடேஷன் பிரிஃபரன்ஸ் (விற்கும்போது மற்றவர்களுக்கு முன் முதலீட்டாளர் எடுத்துக்கொள்ளும் தொகை) ஒரு மடங்கு, பங்கேற்பு (அதற்குப் பிறகு மீதியிலும் பங்கு) இல்லை என்றால், போட்ட 50 லட்சத்தை எடுத்துக்கொண்டு ஒதுங்குவீர்கள். விலை 2 கோடியைத் தாண்டினால்தான் அந்த முன்னுரிமையை விட்டுச் சாதாரணப் பங்காக மாற்றுவது லாபம். பங்கேற்பு உண்டு என்றால், 50 லட்சம் போக மீதியிலும் கால் பங்கு, ஆக 62.5 லட்சம். இரண்டு மடங்கும் பங்கேற்பும் என்றால் முழுத் தொகையும் உங்களுக்கு, தோழிக்குச் சுழியம். மூன்றிலும் மதிப்பீடு ஒன்றேதான்.

ஊழியர்களுக்கென ஒதுக்கிவைக்கும் பங்குகளான ஆப்ஷன் பூலும் அப்படியே. முதலீட்டுக்குப் பிந்தைய பங்குகளில் 10 சதவீதத்தை முன்கூட்டியே ஒதுக்கு என்றால், 20 லட்சம் டாலர் மதிப்பு பழைய பங்குதாரர்களின் பையிலிருந்து போகிறது. 1.5 கோடி என்று எழுதியிருந்தாலும் உண்மையில் 1.3 கோடிதான்.

கையெழுத்துக்கு முன் தோழி இந்தக் கணக்கை ஐந்து விற்பனை விலைகளுக்குப் போட்டுப் பார்க்கட்டும். நீங்களும் போடுங்கள். நிறுவனருக்குச் சுழியம் வரும் விலையில் அவர் விற்பனைக்கு ஒத்துழைக்க மாட்டார். அப்போது உங்கள் பங்கிலிருந்தே நிர்வாகக் குழுவுக்கென ஒரு தொகையை வெட்டிக்கொடுக்க வேண்டிவரும்.